சைவர்கள் இறைவன் உண்டு என்று கொள்வது எதனால்? தொடக்க நிலை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

சமயப் பற்றுள்ள ஒருவரிடம் "நீங்கள் ஏன் கடவுளை நம்புகிறீர்கள்?" என்று கேட்கும்போது, அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்த நம்பிக்கை அவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது ஒன்று. வந்து சேர்ந்ததை அவர் எதனால் சரியென்று கொள்கிறார் என்பது மற்றொன்று. வீட்டில் அன்றாடம் விளக்கேற்றி வணங்கிய தாயைப் பார்த்து வந்தது என்று சொன்னால் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு அது போதாது, ஏனெனில் தாய் தந்தையரிடமிருந்து பெற்ற எத்தனையோ கருத்துகளை வளர்ந்த பிறகு நாம் கைவிட்டிருக்கிறோம். நம்பாதவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்று, அச்சமும் வளர்ப்புமே காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். நம்புகிறவர்களோ தங்கள் நம்பிக்கை முழுவதும் ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொண்டது என்பது போலப் பேசுகிறார்கள். இந்த இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

மதம் என்று பொதுப்படப் பேசினால் இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காது. உலகைப் படைத்த கடவுள் என்ற கொள்கை இல்லாமலேயே சமணமும் பௌத்தமும் பெரும் சமயங்களாக வளர்ந்தன. வேதத்தையே முடிந்த முடிபாகக் கொண்ட மீமாஞ்சகர்களும் உலகுக்கு ஒரு கருத்தா, அதாவது அதைச் செய்பவர், வேண்டியதில்லை என்று வாதிட்டார்கள். எனவே ஒரு குறிப்பிட்ட சமயத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் நம்பிக்கைக்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி. அதற்குத் தமிழ்ச் சைவம் மிகவும் பொருத்தமானது. நம்பிக்கை பாட்டாகப் பிறந்தது, கோயிலில் ஒலித்தது, தருக்கமாக வடிவெடுத்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாவிடையானது என்று ஒவ்வொரு நிலைக்கும் அதில் எழுத்துச் சான்று இருக்கிறது.

பாட்டு முன்னே, வாதம் பின்னே

கடவுள் உண்டு என்பதைத் தருக்க முறையில் நிறுவும் சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாரால் தமிழில் செய்யப்பட்டது. காரைக்கால் அம்மையாரின் பாடல்கள் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும், அப்பர், சம்பந்தர் ஆகியோரின் தேவாரம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் கருதப்படுகின்றன. அதாவது, வாதம் எழுதப்படுவதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பே பாட்டு பாடப்பட்டுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாட்டு ஏட்டில் மட்டும் கிடக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பம் செய்வதற்கென்று முதலாம் இராசராசன் 48 பிடாரர்களையும் அவர்களுக்குத் துணையாக உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்ததை அக்கோயிலின் கல்வெட்டு சொல்கிறது. மெய்கண்டார் எழுத்தாணியைக் கையில் எடுத்தபோது, தமிழ்நாட்டில் பல தலைமுறையினர் அந்தப் பதிகங்களைக் கேட்டே வளர்ந்திருந்தார்கள்.

இந்த வரிசை முக்கியமானது. வாதத்தைக் கேட்டு மனம் மாறிக் கடவுளை ஏற்றவர்கள் இருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலோரிடம் நம்பிக்கை முதலில் வாழ்க்கையாக வருகிறது, அதற்கான காரணங்கள் பின்னர் சிந்தனையாக வருகின்றன. பின்னால் வந்தது என்பதற்காக அந்தச் சிந்தனை பொய்யாகிவிடாது. மொழியை முதலில் பேசிவிட்டுப் பிறகுதான் நாம் இலக்கணம் கற்கிறோம். அதனால் இலக்கணம் வெறும் சாக்கு என்று யாரும் சொல்வதில்லை.

அப்பரின் வரலாறு இதற்கு மிகச் சிறந்த சான்று. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, மருணீக்கியார் என்ற இயற்பெயர் கொண்ட அவர் இளமையிலேயே சமண சமயத்தில் சேர்ந்து, அதன் நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயருடன் மதிக்கப்பட்ட ஆசிரியராக விளங்கினார். உலகுக்கு ஒரு கருத்தா தேவையில்லை என்பதற்குரிய சமணரின் நுட்பமான நியாயங்களை அவர் அறியாமல் இருந்திருக்க வழியில்லை. அப்படிப்பட்டவர் அந்த நியாயங்களுக்கு எதிரான ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துச் சைவத்துக்குத் திரும்பியதாகப் புராணம் சொல்லவில்லை. தாங்க முடியாத சூலை நோய் வந்தது. அவர் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் சென்றார். தமக்கை திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே "கூற்றாயின வாறு விலக்ககிலீர்" என்று தொடங்கும் பதிகம் பிறந்தது. குடரோடு துடக்கி முடக்கும் வயிற்று வலியை ஆற்றேன் என்று அந்தப் பதிகமே முறையிடுவதால், நோயின் செய்தி புராணத்துக்கு மட்டும் உரியதன்று.

வலியில் இருப்பவர் எதையும் நம்புவார் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் நோய் தீர்ந்ததோடு அப்பரின் பற்று தீர்ந்துவிடவில்லை. அதன் பிறகு ஊர் ஊராக நடந்து, உழவாரப் படையால் கோயில் திருமுற்றங்களைச் செதுக்கித் தூய்மை செய்து, முதுமை வரைக்கும் பாடிக்கொண்டிருந்த ஒரு வாழ்க்கைக்குத் தொடக்கத்தில் இருந்த வலி மட்டும் காரணமாகாது. நம்பிக்கை எங்கே தொடங்கியது என்பதைக் கொண்டு அது எதனால் நிலைத்தது என்பதை முடிவு செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் சூத்திரம் சொல்லும் காரணம்

இனி வாதத்துக்கு வருவோம். சிவஞானபோதம் 12 சூத்திரங்களும் 40 அடிகளும் கொண்ட மிகச் சிறிய நூல். அதன் முதல் சூத்திரம் இது:

"அவன்அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்."

அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படுகிற உலகம், தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் மூன்று தொழில்களுக்கு உட்பட்டிருக்கிறது. தோன்றி நின்று ஒடுங்கும் பொருள் தானாகவே தோன்றியிருக்க முடியாது. அதைத் தோற்றுவிக்க ஒருவர் வேண்டும். எல்லாம் ஒடுங்கும்போது எவர் ஒடுங்காமல் நிற்கிறாரோ, அவரிடமிருந்தே மீண்டும் தோற்றம் நிகழ வேண்டும் ஆகையால், இறுதியைச் செய்பவரே உலகுக்கு முதல்வர் ஆவார். முதல் சூத்திரத்தின் கருத்து சுருக்கமாக இவ்வளவுதான்.

இதை விளக்கச் சைவ ஆசிரியர்கள் குடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஒரு குடம் உருவாக மண் வேண்டும்; அது முதற்காரணம். தண்டும் சக்கரமும் வேண்டும், அவை துணைக்காரணம். அவற்றைக் கொண்டு வனைகின்ற குயவர் வேண்டும். அவர் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை என்னும் நுண்பொருள் முதற்காரணம், இறைவனுடைய சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். இங்கே புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிறித்தவமும் இசுலாமும் ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்று பொதுவாகக் கொள்கின்றன. சிவஞானபோதத்தை அடிப்படையாகக் கொண்ட சைவ சித்தாந்தம் அப்படிக் கொள்வதில்லை. உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்பது அதன் அடிப்படை. அதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். ஆகவே இறைவன் செய்வது, நுண்ணிய நிலையில் ஏற்கெனவே இருக்கும் மாயையைப் பருநிலை உலகமாக விரிப்பதே ஆகும்.

"அப்படியானால் கடவுளைப் படைத்தவர் யார்?" என்று பலர் உடனே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சித்தாந்தத்தின் விடை நேரானது. தோற்றமுடைய பொருளுக்குத்தான் தோற்றுவிப்பவர் வேண்டும் என்று முதல் சூத்திரம் சொல்கிறது. உள்ள பொருள் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று சொல்லவில்லை. பதி, பசு, பாசம் ஆகிய மூன்றும், அதாவது இறைவனும் உயிர்களும் உயிரைப் பிணிக்கும் தளைகளும், தொடக்கம் இல்லாதவை. "பதியினைப் போற்பசு பாசம் அநாதி" என்கிறது திருமந்திரம். உயிரையும் இறைவன் படைக்கவில்லை என்பது இந்தக் கொள்கையில் மிகத் துணிவான கூற்று; துன்பத்தைப் பற்றிப் பேசும்போது அதன் பயன் தெரியும்.

குடத்தைக் கொண்டு உலகை அளக்கலாமா என்ற எதிர்ப்பு மிகப் பழையது, வலிமையானதும் கூட. பௌத்தத் தருக்கவாதியான தருமகீர்த்தி, மெய்கண்டாருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை எழுப்பினார். மண்ணால் ஆனது என்ற ஒப்புமையை மட்டும் வைத்துக் குடத்தைப் போலவே புற்றும் குயவரால் செய்யப்பட்டது என்று முடிவு செய்தால் அது தவறு. அதே போல, உருவம் உடையது என்ற பொதுத்தன்மையை வைத்து மலையையும் கடலையும் ஒருவர் செய்தார் என்று ஊகிப்பதும் தவறு என்பது அவர் வாதம். குயவர் குடம் வனைவதை நாம் கண்டிருக்கிறோம், ஒருவர் உலகை விரிப்பதை எவரும் கண்டதில்லை. இறைநம்பிக்கை உடையவர்களிடமும் இந்த எதிர்ப்புக்கு மதிப்பு இருந்தது. வைணவ ஆசாரியரான இராமானுசர், ஊகத்தால் இறைவனை நிறுவ முடியாது, சாத்திரமே அதற்குச் சான்று என்று பிரம்ம சூத்திர உரையில் விரிவாக வாதிட்டிருக்கிறார். கடவுள் உண்டு என்பதில் அசையாத உறுதி கொண்ட ஒருவர், கடவுளுக்கான தருக்க நிறுவலை ஏற்க மறுத்தார் என்பதே, நம்பிக்கையும் நிறுவலும் வேறு வேறு என்பதைக் காட்டுகிறது.

சைவர்கள் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைக் கொள்கிறார்கள். நேரே அறிவது, ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் அல்லது நூல் சொல்ல அறிவது என்று அவற்றைப் புரிந்துகொள்ளலாம். காட்சி ஒன்றே போதும் என்ற உலகாயதருக்கு அவர்கள் தரும் மறுப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. காட்சி ஒன்றே அளவை என்ற முடிவு காட்சியால் கிடைத்ததன்று. அதுவே ஓர் ஊகம். ஆயினும் முதல் சூத்திரத்தை மட்டும் தனியே எடுத்து வைத்து, இதோ கடவுள் நிரூபிக்கப்பட்டுவிட்டார் என்று சொல்வது அந்த நூலுக்கே நியாயம் செய்வதாகாது. 12 சூத்திரங்களில் அது முதலாவது. நூல் அங்கிருந்து வெகு தொலைவு செல்கிறது.

வினைக்குப் பயன் தருபவர்

இரண்டாம் சூத்திரத்தில் மற்றொரு காரணம் வருகிறது. செய்த வினைக்குப் பயன் உண்டு என்பதைச் சமணரும் பௌத்தரும் மீமாஞ்சகரும் ஏற்கிறார்கள். அது தானே இயங்கும் என்பது அவர்கள் கொள்கை. சைவம் இங்கேதான் வேறுபடுகிறது. வினை அறிவற்றது. செய்தவர் யார், எப்போது, எந்த உடம்பில், எவ்வளவு அனுபவிக்க வேண்டும் என்பது வினைக்குத் தெரியாது; உயிரும் தன் வினைப்பயனைத் தானே தேர்ந்து எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அறிவுடைய ஒருவரின் ஆணையால்தான் அது நடக்க வேண்டும் என்று சித்தாந்தம் வாதிடுகிறது. உலகில் அறம் வீண்போகாது என்ற உணர்வு ஆழமாக உடையவர்களுக்கு, அதைக் கண்காணிக்க ஒருவர் உண்டு என்ற எண்ணம் இயல்பாகவே பொருந்துகிறது. வினைக்கொள்கையை ஏற்காதவரிடம் இந்த வாதம் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ணுக்குக் காட்டும் உள்ளம்

சிவஞானபோதத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது வெளியுலகிலிருந்து புறப்படாமல் அறிவிலிருந்தே புறப்படும் வாதம். உயிர் உண்டு என்பதை நிறுவும் மூன்றாம் சூத்திரம், "உணர்த்த உணர்தலின்" என்று ஒரு காரணத்தைச் சொல்கிறது. நாம் எதையும் நாமாகவே அறிந்துவிடுவதில்லை. ஒருவரோ ஒன்றோ உணர்த்தத்தான் உணர்கிறோம். கண் திறந்திருந்தும் மனம் வேறெங்கோ இருந்தால் எதிரே நிற்பவர் தெரிவதில்லை. உறக்கத்தில் நம் அறிவு எங்கே போகிறது, விழித்தவுடன் அது எப்படித் திரும்புகிறது என்பது நம் கையில் இல்லை.

பதினோராம் சூத்திரம் இதை மேலே கொண்டு செல்கிறது: "காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல் காண உள்ளத்தைக் கண்டு காட்டலின்." கண் காண்பதற்கு உள்ளம் துணை நிற்பது போல, உள்ளம் அறிவதற்கு இறைவன் துணை நிற்கிறான் என்பது இதன் கருத்து. கண் தன்னைத் தானே காண்பதில்லை. தன்னைக் காணச் செய்யும் உள்ளத்தையும் அது காண்பதில்லை. அதைப் போலவே உயிர் தனக்கு அறிவிக்கும் இறைவனைப் பொருள்களில் ஒன்றாக எதிரே வைத்துப் பார்க்க இயலாது. "கடவுள் இருந்தால் ஏன் தெரியவில்லை?" என்ற கேள்விக்குச் சைவத்தின் ஆழமான விடை இதில்தான் இருக்கிறது. தொலைவில் இருப்பதால் தெரியாமல் போவது ஒரு வகை. அறிவுக்கு உள்ளே அறிவாக நிற்பதால் தெரியாமல் போவது மற்றொரு வகை.

இதைத் தருக்கமாகச் சொல்வதற்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பு அப்பர் பாட்டாகச் சொல்லியிருக்கிறார். "விறகில் தீயினன் பாலில் படுநெய்போல் மறைய நின்றுளன் மாமணிச் சோதியான்" என்று தொடங்கி, "உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடையமுன் நிற்குமே" என்று அந்தப் பாடல் முடிகிறது. இறைவன் மறைந்து நிற்பதைச் சொல்வதோடு அப்பர் விட்டுவிடவில்லை. காண்பதற்குரிய வழியையும் சொல்கிறார். அந்த வழி உறவும் உணர்வும். முதலில் நிரூபித்துக் காட்டு, பிறகு அன்பு செய்கிறேன் என்பவருக்கு இந்தப் பாடல் வரிசையை மாற்றிச் சொல்கிறது. சம்பந்தரோ இன்னும் வெளிப்படையாக, "ஏதுக்க ளாலும் எடுத்த மொழியாலும் மிக்குச் சோதிக்க வேண்டா சுடர்விட்டுளன் எங்கள் சோதி" என்று பாடிவிட்டார். ஏது என்பது காரணத்தைக் குறிக்க மெய்கண்டார் கையாளும் அதே தருக்கச் சொல். இந்தப் பதிகத்தை ஓதிய ஒரு சமூகம்தான் பின்னாளில் ஏதுக்களையும் எடுத்துக்காட்டுகளையும் அடுக்கிய நூல்களையும் போற்றியது. இதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. அன்பு செய்கிறவருக்கு வாதம் தேவைப்படாமல் இருக்கலாம். மறுக்கிறவரோடு பேச வேண்டிய இடத்தில் அது தேவைப்படுகிறது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்ற பகுதி முழுவதும் மற்றவர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பதாகவே அமைந்திருப்பது இதனால்தான்.

துன்பம் வரும்போது

கடவுள் நல்லவர் என்றால் துன்பம் ஏன் என்பது எல்லா நாட்டிலும் கேட்கப்பட்ட கேள்வி. சைவம் இரண்டு விதமாக விடை தருகிறது. அவை ஒன்றோடொன்று எளிதில் சேர்வதில்லை.

முதலாவது கொள்கை வழியான விடை. உயிரை மறைக்கும் ஆணவ மலம் இறைவன் தந்ததன்று. அது அநாதியாகவே உயிரோடு இருக்கிறது. அந்த இருளிலிருந்து உயிரை விடுவிக்கத்தான் இறைவன் உடம்பையும் உலகையும் அனுபவத்தையும் கூட்டுகிறான். முதல் சூத்திரத்தில் "மலத்துளதாம்" என்று சொன்னதன் பொருள் இதுவே: மலம் நீங்கும் பொருட்டு உலகம் மீண்டும் உளதாகிறது. துன்பம் வினையின் பயன், மலம் பக்குவப்படுவதற்குரிய வழி என்று இந்த விடை அமைகிறது. தீமையின் தோற்றத்துக்கு இறைவனைப் பொறுப்பாக்காமல் விடுவதில் இது திறம்பட்டது.

ஆனால் இதே விடை பிறருடைய துன்பத்தின் மேல் ஏற்றிச் சொல்லப்படும்போது கொடுமையாகிவிடுகிறது. ஒருவர் வறுமையிலும் தாழ்த்தப்பட்ட நிலையிலும் பிறந்தது முன்வினைப் பயன் என்றால், அந்த நிலையை உண்டாக்கியவர்கள் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் வழியாகப் பெரியார் இந்த இடத்தைத்தான் இடைவிடாமல் தாக்கினார். அந்தத் தாக்குதல் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். சைவத்துக்குள்ளேயே அதற்கு இடம் இருந்தது. "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டுஎன் செய்வீர்" என்று கேட்டவர் அப்பர்தான். அப்படியிருந்தும், ஒதுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைவதற்கு 1939ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இரண்டாவது விடை அடியவர்களின் பாட்டில் இருக்கிறது. அதை விடை என்று சொல்வதை விட உறவு என்று சொல்லலாம். சுந்தரர் கண் பார்வை இழந்த நிலையில் திருவாரூர் இறைவனைப் பார்த்துப் பாடியது முறையீடு கூட அன்று, சண்டை. "மீளா அடிமை உமக்கே ஆளாய்" இருப்பவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் வாளா இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று அவர் ஏசுகிறார். காரைக்கால் அம்மையார் இன்னொரு வழியில் செல்கிறார். அற்புதத் திருவந்தாதியின் முதல் பாடலில், பிறந்து மொழி பயின்ற நாள் முதல் உன் சேவடியே சேர்ந்தேன், என் இடரை எப்போது தீர்ப்பாய் என்று கேட்கிறார். அடுத்த பாடலிலேயே, "இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்" அவருக்கு என் நெஞ்சு அன்பறாது என்கிறார். தன் துன்பம் தீர்வதை இறைவன் இருப்பதற்குச் சான்றாகவோ, தீராததை அவன் இல்லாததற்குச் சான்றாகவோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

நம்பிக்கை உடையவர்கள் வேண்டியது கிடைப்பதற்காகவே கடவுளை நம்புகிறார்கள் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது பாடலைப் படித்துப் பார்க்க வேண்டும். வேண்டுதலும் நேர்த்திக்கடனும் வழிபாட்டில் பெரும்பங்கு வகிப்பது உண்மை. வேண்டியது நடக்காத பிறகும் கோயிலுக்குச் செல்கிறவர்கள் ஏராளம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. அவர்களைக் கணக்கில் கொள்ளாத எந்த விளக்கமும் முழுமையாகாது.

அடியார் கூட்டமும் வினாவிடையும்

முதல் கேள்வியான நம்பிக்கை வந்து சேரும் வழியைப் பற்றிச் சைவமே வெளிப்படையாகப் பேசியிருக்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், மலத்தைக் கழுவி, "அன்பரொடு மரீஇ", அன்பு மிகுந்தவர்களின் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனத் தொழ வேண்டும் என்று முடிகிறது. உலகம் தோன்றி ஒடுங்குவதிலிருந்து ஊகமாகத் தொடங்கிய ஒரு தருக்க நூல், அடியார்களோடு சேர்ந்து இருப்பதிலும் கோயிலிலும் வந்து நிற்கிறது. ஞானம் அடைந்தவர்க்கும் கூட்டம் வேண்டும் என்பதை மெய்கண்டார் அறிந்திருந்தார். சமூகவியலாளர்கள் மதத்தின் வலிமை கூடி வழிபடுவதில் இருக்கிறது என்று இன்று எழுதும்போது, ஒரு சைவர் அதில் மறுப்பதற்கு எதையும் காண மாட்டார்; கூட்டத்தால் மட்டுமே அது உண்டாகிறது என்று சொன்னால்தான் மறுப்பார்.

கற்பித்தலின் பங்கு 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் தெளிவாகத் தெரிகிறது. கிறித்தவ மிசன் பள்ளிகளும் அச்சகங்களும் பெருகிய காலத்தில், நல்லூர் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகளுக்காகச் சைவ வினாவிடை எழுதினார். "உலகத்துக்குக் கருத்தா யாவர்?" என்பது அதன் முதல் வினா, "சிவபெருமான்" என்பது விடை. மெய்கண்டார் மூன்று அடியில் வைத்த முடிவு இங்கே ஒரு சொல்லாக, எட்டு வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்யத் தக்கதாக வந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஆராயாமல்தான் அதை ஏற்கிறது. அதே பிள்ளை வளர்ந்து, அந்த விடையின் காரணம் என்ன என்று கேட்டு, சிவஞான சித்தியார், சிவப்பிரகாசம் ஆகிய சித்தாந்த நூல்களைப் பாடம் கேட்கும்போது, ஆராயாமல் பெற்றதை ஆராயத் தொடங்குகிறது. சிலர் அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கையைக் கைவிடுகிறார்கள், சிலர் அதில் உறுதி பெறுகிறார்கள். பலர் ஆராயாமலேயே, ஆயினும் நேர்மையாக, வழிபட்டு வாழ்ந்து முடிக்கிறார்கள்.

மற்றவர்கள் வணங்கும் தெய்வம்

அனுபவம் சான்று என்றால், திருவரங்கத்தில் ஒரு வைணவருக்கும் வேளாங்கண்ணியில் ஒரு கிறித்தவருக்கும் நாகூர் தர்காவில் ஓர் இசுலாமியருக்கும் கிடைக்கும் அனுபவத்தை என்ன சொல்வது? நம்பிக்கையைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது. சிவஞான சித்தியார் இதற்குத் தந்த விடை தமிழ்ச் சைவர்களிடையே பலருக்கு மனப்பாடம்: "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வ மாகி ஆங்கே மாதொரு பாக னார்தாம் வருவர்." எந்தத் தெய்வத்தை வணங்கினாலும், அந்தத் தெய்வத்தின் உருவில் வந்து அருள்பவர் உமையொருபாகரே என்பது இதன் பொருள். பிறர் வழிபாட்டைப் பொய்யென்று தள்ளாமல், அதன் பயனுக்கும் தன் இறைவனையே முதல்வனாகக் காட்டும் வழி இது.

இதை எல்லாச் சமயமும் ஒன்றே என்ற இக்காலப் பேச்சோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே செய்யுள், மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும் என்று தொடர்ந்து சொல்கிறது. பரபக்கத்தில் பௌத்தரையும் சமணரையும் கடுமையாக மறுத்தவரும் இதே ஆசிரியர்தான். வைணவர் இந்தச் செய்யுளைத் திருமாலுக்கு உரியதாக மாற்றிச் சொல்ல முடியும். கடவுளை ஏற்காத சமணருக்கும் பௌத்தருக்கும் இது எந்த விடையும் தரவில்லை. அவர்களோடு பேசும்போது சைவர் மறுபடியும் முதல் சூத்திரத்துக்கும், அறிவுக்கு அறிவாய் நிற்பவரைப் பற்றிய பதினோராம் சூத்திரத்துக்கும் திரும்பி வர வேண்டியிருக்கிறது.